இருபத்தேழு பெட்டி அடை

நல்ல எண்ணத்தில்தான் நான் அந்த ஜன்னல்களை மூடினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நூ மலையின் அடிவாரத்தில் ஆகஸ்டு மாதக் காற்று பகல் முழுக்கச் செம்மண்ணை வாரி வீசும். தட்டில் போட்ட சோற்றை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் தின்ன வேண்டும். எங்கள் தேன் சங்கத்தின் சாமான் அறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். கதவு இருந்தும் மூடுவதில்லை, கம்பி வலை மட்டும்தான். உள்ளே முப்பத்திரண்டு தேன்பெட்டிகள். ஜூலையில் சட்டங்களை இயந்திரத்தில் சுழற்றித் தேனை எடுத்தபின், உடையாத காலித் தேனடைகளோடு அப்படியே கொண்டுவந்து வைத்தவை. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, இடையில் காற்றும் வெளிச்சமும் புகும்படி எங்கள் சங்கத்துச் சியோம்புவா அடுக்கியிருந்தாள்.

கட்டி முடித்த அடை கையில் இருந்தால் பாதி அறுவடை வீட்டில் இருப்பது போல. நவம்பரில் மழை விழுந்து தேனீக்கள் திரும்பி வரும்போது கூட்டின் மேல் அடையோடு பெட்டியை வைத்தால், வந்த வாரமே தேனை இறக்கத் தொடங்கிவிடும். வெறும் சட்டத்தை வைத்தால் மெழுகு கட்டுவதிலேயே பூக்காலம் கரைந்துவிடும். பதினோரு பெண்களுக்கு அந்த அறைதான் அடுத்த வருஷம்.

சாவி சியோம்புவாவிடம் இருந்தது. அவள் கணவன் கிதெங்கேவுக்குக் குடலிறக்கம் முற்றிவிட, கிதுயி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகும்படி ஆயிற்று. பேருந்து கிளம்புகிற நேரத்தில் சாவியை என் கையில் திணித்தாள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ எட்டிப் பாரு, கதுங்கே. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் சரியாக வாங்கவில்லை.

முதல் தடவை போனபோது பெட்டிகள் மேல் விரல் தடிமனுக்குச் செம்மண். எனக்குத் தூசி என்றால் ஆகாது. என் வீட்டில் விறகைக்கூட அடுக்கித்தான் வைப்பேன். ஜன்னல் கதவுகளை இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டேன். குறுக்கும் நெடுக்குமாக இருந்த பெட்டிகளைச் சுவர் போல நேராக அடுக்கினேன். மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்தேன். வெளியே வந்து பார்த்தபோது, இந்த வேலையை இவ்வளவு நாள் ஒருத்திக்கும் செய்யத் தோன்றவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமை. அதற்குப் பிறகு போனபோதெல்லாம் கதவைத் திறந்து, தார்ப்பாய் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து, மூடிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து சியோம்புவா திரும்பினாள். கிதெங்கே மெதுவாக நடக்கிறான், கஞ்சி குடிக்கிறான், ஆபத்தில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் இருவரும் காலையில் அறைக்குப் போனோம். வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"ஜன்னல யாரு மூடுனது?"

"தூசி வந்துச்சு..."

அவள் உள்ளே போய் இரண்டு ஜன்னலையும் திறந்தாள். தார்ப்பாயை இழுத்தாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள், பறக்காமல், பெட்டிகளின் விளிம்பில் இருட்டைத் தேடிக் குடுகுடுவென்று ஓடின.

மேல்பெட்டிகளில் ஒவ்வொரு சட்டமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தன. கீழே போகப் போக, அங்கங்கே அடைக்குள் மெல்லிய நூல் ஓடியிருந்தது. தரையோடு இருந்த பெட்டியைத் திறந்தபோது அவள் எடுத்தது அடை அல்ல, பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒன்று. வலை பின்னி, தேயிலைத் தூள் போல எச்சம் கொட்டி, அதற்குள் விரல் நுனி நீளத்துக்குக் கொழுத்த புழுக்கள். சட்டத்தின் மரத்தையே குடைந்து பள்ளம் போட்டிருந்தன. தேனீக்கள் விட்டுப்போன இரண்டு கூடுகளின் கருத்த அடைகளும் அந்தப் பெட்டிகளில் இருந்தன, நேராக அடுக்கும்போது நான்தான் அவற்றை அடியில் வைத்திருந்தேன். குஞ்சு வளர்ந்த கருத்த அடை என்றால் அந்தப் புழுக்களுக்கு விருந்து. அங்கேயிருந்து மேலே ஏறியிருந்தன.

சியோம்புவா வாசற்படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இருட்டு. காத்தில்ல. அதுக்கு மேல ஒரு போர்வ வேற" என்றாள். "புது மாப்பிள்ளைக்குக்கூட நாம இப்படி ஒரு ரூம் ஒழிச்சுக் குடுக்க மாட்டோம், கதுங்கே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அவள் எழுந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வா, கெட்டதப் பிரிப்போம்" என்றாள்.

ஐந்து பெட்டிகள் போய்விட்டன. வலையை வெளியே இழுத்துப் போட்டதும் அக்கம்பக்கத்துக் கோழிகள் எல்லாம் கூடிவிட்டன. "கோழிக்காவது நல்ல காலம்" என்றாள் சியோம்புவா. மிச்சத்துக்குத் தீ வைத்தோம்.

அங்கங்கே ஓரிரு நூலைத் தவிர, இருபத்தேழு பெட்டிகள் கண்ணுக்கு நல்லவையாக நின்றன. கண்ணை எவ்வளவு நம்புவது?

"முட்ட இருக்கும்" என்றாள் அவள். "தூசியவிடச் சின்னது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு வாரத்துல அதுவா வெளிய வந்து காட்டிக்கும்."

"கந்தகம் போட்டுப் புகைச்சா?"

"புழு சாவும், பூச்சி சாவும். முட்டைக்கு ஒண்ணும் ஆவாது. குளிர்தான் எல்லாத்தையும் கொல்லும்னு நமக்குப் பயிற்சி குடுக்க வந்த தேனீ ஆபீசர் அன்னிக்குச் சொன்னாரே. ஃப்ரீசர்ல ஒரு முழு நாள்."

எங்கள் சந்தை மருந்தகத்தில் ஒரு குளிர்பெட்டி உண்டு, அது குழந்தைகளின் தடுப்பூசிக்கு மட்டும். அதை விட்டால் ஒன்றே ஒன்றுதான். கவினியாவின் ஹோட்டலில்.

கவினியா எங்கள் சங்கத்தில் இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன் சாவி அவளிடம்தான் இருந்தது. அந்து வரக்கூடாது என்று, துணிக்குப் போடுகிற அந்துருண்டையைச் சந்தையில் வாங்கிப் பெட்டிக்கு நாலாகப் போட்டு வைத்தாள். அந்து வரவில்லை. ஆனால் மெழுகு அந்த வாசனையை முழுக்கக் குடித்துவிட்டது. பாதிப் பெட்டிகளில் தேனீ ஏறவே இல்லை. ஏறிய பெட்டிகளின் தேனை ம்விங்கி நகரத்தில் வாங்குகிறவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "துணி அலமாரிய நக்குன மாதிரி இருக்கு" என்று அத்தனை வாளிகளையும் திருப்பி அனுப்பினார். கூட்டம் போட்டோம். கவினியா இனி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னாள் தலைவி வயுவா. எல்லோரும் தூக்கினோம். கவினியா தன் நாற்காலியைத் தானே மடக்கி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அப்புறம் எங்களில் யாரும் அவள் ஹோட்டலில் டீ குடித்ததில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் போவோம்."

"இல்ல, மூடுனது நான். நானே போறேன்."

வழியெல்லாம் என்னென்ன சொல்லிக் கெஞ்சுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கவினியா ஹோட்டலின் பின்பக்கம் உட்கார்ந்து கீரை அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நான் நின்றபடியே ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். அடுக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஜன்னல மூடுனது நீயா?" என்றாள்.

"நான்தான், அக்கா."

"எதுக்கு?"

"தூசி படக் கூடாதுன்னு."

"நல்லதுக்குத்தான் செஞ்ச."

"ஆமா."

"நானும் நல்லதுக்குத்தான் அந்த உருண்டைய வெச்சேன். அன்னிக்கு எதுக்குன்னு ஒருத்தியும் கேக்கல."

"கேக்கல, அக்கா. நானும்தான் கை தூக்குனேன்."

"தெரியும். எண்ணுனேன்ல. ஒனக்குக் கை நீளம், எல்லார் கைக்கும் மேல அதுதான் தெரிஞ்சுது."

கீரைக் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கினாள். ஆட்டுக்கறி, ஏரி மீன், பக்கவாட்டில் சோடாப் புட்டிகள். குளிரோடு மீன் வாடையும் முகத்தில் அடித்தது.

"இதுல வெக்க முடியாது" என்றாள்.

வாசல் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற? பேச்ச முழுசாக் கேட்டுட்டுப் போ. இப்படியே வெக்க முடியாதுன்னேன். ரெண்டு நாள் குடு, காலி பண்ணிக் கழுவணும். மெழுகு எந்த வாசனையையும் விடாது, அது எனக்குத் தெரியிற மாதிரி இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? இன்னொரு தடவ தேன்ல வாசனைன்னு கெளம்புச்சுன்னா என் பேரு அந்துருண்டைன்னே நெலச்சுடும். இப்பவே பாதி அப்படித்தான் கூப்பிடுறீங்க."

நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னொண்ணு. இந்தப் பொட்டி பழசு. மூடி ரப்பர் கிழிஞ்சிருக்கு. குளிரு பத்தாமப் போயி நாளைக்குப் புழு வந்தா, அதுக்கும் கவினியாதான்னு கூட்டம் போடுவீங்க. அதனால சாட்சி வெக்கணும்."

"என்ன சாட்சி?"

"நூல் ஓடுன பொட்டி ஒண்ணுலேருந்து ரெண்டு சட்டம் எடு. ஒண்ண ஃப்ரீசர்ல வெப்போம். ஒண்ண வெக்க மாட்டோம். அப்புறம் ரெண்டையும் தனித்தனி டின்னுல போட்டு, துணி கட்டி, என் அடுப்புப் பக்கத்துல வெச்சுடுவேன். இருட்டு, சூடு, அதுக்குப் பிடிச்ச எடம். ரெண்டு வாரம் கழிச்சு எல்லாரையும் கூப்பிட்டுத் தெறப்போம்."

திரும்பி வந்து சியோம்புவாவிடம் சொன்னேன். "நம்ம பதினோரு பேருக்கும் தோணாத புத்தி" என்றாள்.

கவினியா குளிர்பெட்டியைச் சாம்பலாலும் எலுமிச்சையாலும் மூன்று தடவை கழுவி, ஒரு முழுப் பகல் வெயிலில் திறந்து வைத்தாள். சோளம் காயப்போடும் பாலித்தீன் விரிப்பை வெட்டி, சட்டங்களை நாலு நாலாகச் சுற்றிக் கட்டச் சொன்னாள். வெளியே எடுத்த பிறகும் குளிர் முழுக்க இறங்கும்வரை கட்டைப் பிரிக்க விடவில்லை, பிரித்தால் அடைமேல் நீர் கோத்துப் பூசணம் பிடிக்குமாம். ஒரு நாளைக்கு நாலு பெட்டிச் சட்டங்கள் கொண்டன. காலையில் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோவோம், மறுநாள் காலையில் எடுத்துவிட்டு அடுத்ததை வைப்போம்.

அந்த வாரம் முழுக்க அவள் ஹோட்டலில் சோடா வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. லாரிக்காரன் ஒருவன் முகத்தைச் சுளித்தான்.

"என்னம்மா, சோடாவ அடுப்புலயா வெச்சிருந்தீங்க?"

"குளிரா வேணும்னா மலை மேல ஏறிக் குடி" என்றாள் கவினியா. "என் பொட்டில விருந்தாளி இருக்காங்க."

நாலாம் நாள் மதியம் மின்சாரம் போயிற்று. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, குளிர்பெட்டிமேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்தி, அதற்கு மேல் அவளே ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் மூடியைத் தூக்கிவிடக் கூடாதாம். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் மின்சாரம் வந்தது. "நேத்து நாள் சேத்தியில்ல" என்று சொல்லி, அதே சட்டங்களை இன்னும் ஒரு முழு நாள் வைத்தாள். எட்டு நாளில் இருபத்தேழு பெட்டியும் முடிந்தன.

அதற்குள் சாமான் அறையை நான் சுத்தம் செய்தேன். என்னை யாரும் ஏவவில்லை. தரையை, மூலையை, கூரைக் கட்டையின் இடுக்கைப் பெருக்கி, சுவர் வெடிப்புகளை மண்ணும் சாணமும் குழைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்தேன். வீட்டிலிருந்த பழைய கொசுவலையை இரண்டாக மடித்து இரண்டு ஜன்னலிலும் கம்பி வலைமேல் அறைந்தேன். காற்று வரும், வெளிச்சம் வரும், அந்து வராது. சியோம்புவா பெட்டிகளை மறுபடி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். நான் ஒரு பெட்டியையும் தொடவில்லை, எடுத்துக் கொடுத்ததோடு சரி.

"தூசி படியுதே, தொடைக்கலாமா?" என்று கேட்டாள் கிண்டலாக.

"என்னக் கொன்னாலும் தொடைக்க மாட்டேன்."

அப்புறம் அந்த இரண்டு வாரம். சோறு இறங்கவில்லை. ஒரு அடை போனால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம், ஆனால் எல்லாமே போனால் பத்து பேர் முகத்தில் எப்படி விழிப்பது? தினமும் டீ குடிக்கிற சாக்கில் கவினியா ஹோட்டலுக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் இரண்டு டின்களும் சாக்கு மூடி உட்கார்ந்திருந்தன.

"ஒரே ஒரு தடவ பாக்கட்டுமா, அக்கா?"

"கோழி அடையில ஒக்காந்திருக்கு. எழுப்பாத. டீயக் குடிச்சுட்டுக் கெளம்பு."

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயக் கூட்டம் கலைந்ததும், எல்லோரும் அவள் ஹோட்டல் முற்றத்தில் கூடினோம். மூன்று வருஷத்தில் முதல் தடவை. வயுவா முன்னால் நாற்காலியில், நல்ல துணி உடுத்து, கைப்பையை மடியில் பிடித்தபடி. சியோம்புவா என் பக்கத்தில். கவினியா இரண்டு டின்களையும் மேஜைமேல் வைத்தாள். ஒன்றின் துணியை அவிழ்த்து, சட்டத்தை உருவி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

வெள்ளை வலை. வலைக்குள் புழுக்கள் நெளிந்தன. ஒன்று கீழே மேஜைமேல் விழுந்தது.

"கடவுளே" என்றாள் வயுவா மெதுவாக. சியோம்புவாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. இருபத்தேழு பெட்டி, எட்டு நாள், அத்தனை நடை, எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

கவினியா எங்கள் முகங்களை வரிசையாக, அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள்.

"இது குளிர்ல வெக்காதது" என்றாள்.

பிறகு இரண்டாவது டின்னைத் திறந்தாள். சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்தாள். அடையின் ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் ஊடுருவிப் பொன்னாக நின்றது. அன்றைக்கு ஓடியிருந்த பழைய நூல் ஒன்று அறுந்து தொங்கியது, அவ்வளவுதான். சியோம்புவா வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள், ஒரு குச்சியால் அறைகளைக் கிளறினாள், சட்டத்தை மேஜையில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. என்னிடம் கொடுத்தாள். நானும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"வேணும்னேதான மொதல்ல அதத் தெறந்த?" என்று கேட்டாள் வயுவா.

"ஆமா" என்றாள் கவினியா. "மூணு வருஷத்துக்கு அரை நிமிஷம். அது கூடவா எனக்குக் கெடையாது?"

முதலில் சிரித்தது வயுவாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைப்பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். அப்புறம் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை.

சட்டம் கைமாறி வயுவாவிடம் போனது. அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன வாசனை?" என்று கேட்டாள் கவினியா. குரல் அப்போதுதான் கொஞ்சம் தாழ்ந்தது.

வயுவா இன்னொரு தடவை முகர்ந்தாள். "மெழுகு வாசனை" என்றாள். "வேற ஒண்ணுமில்ல." பிறகு எழுந்து நின்றாள். "கவினியா, அன்னிக்கு நாங்க ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம அனுப்புனது தப்பு. மறுபடி சங்கத்துக்கு வா."

கவினியா மேஜையில் விழுந்த புழுவைத் துடைத்து எறிந்தாள். "கூட்டத்துக்கு வந்து ஒக்கார எனக்கு நேரமில்ல, வயுவா. நீ பேசுனா மதியச் சோறு ராத்திரிச் சோறாயிடும். ஆனா வருஷா வருஷம் ஜூலைல தேன் எடுத்த ஒடனே, அறைல அடுக்குறதுக்கு முன்னாடி அடையை இங்க கொண்டு வாங்க. பொட்டி ஒரு வாரம் ஒங்களுது. அதுக்குப் பதிலா, நீங்க எல்லாரும் இனிமே இங்க டீ குடிக்கணும்."

அன்றைக்கே எல்லோரும் குடித்தோம். எனக்கு டீ போதவில்லை. இரண்டு வாரப் பசி ஒரேயடியாக வந்து நின்றது. துவரை போட்டு வெந்த சோளம் ஒரு தட்டு, அது முடிந்ததும் இன்னொரு தட்டு. மூன்றாவதுக்குத் தட்டை நீட்டியபோது கவினியா கரண்டியை நிறுத்தினாள்.

"அந்தப் புழுவே தேவல போலருக்கே" என்றாள். சொல்லிவிட்டு நிறையவே போட்டாள்.

நவம்பர் எட்டாம் தேதி மழை விழுந்தது. பத்து நாளில் வேல மரங்கள் பூத்தன. மலைப்பக்கமிருந்து தேனீக்கள் கூட்டங் கூட்டமாக இறங்கின. மரங்களில் கட்டியிருந்த கூடுகளில் ஒவ்வொன்றாகக் குடியேறின. கூடு நிறைந்ததும் அடைப்பெட்டிகளை மேலே ஏற்றி வைத்தோம். முதல் மூன்று பெட்டிகளை வைத்த அன்று, ஏறுமா ஏறாதா என்று இருட்டும்வரை மரத்தடியிலேயே நின்று பார்த்தேன். அந்துருண்டை வருஷத்தில் ஏறாமல் நின்ற பெட்டிகளை நான் கண்ணால் பார்த்தவள்.

டிசம்பர் முதல் வாரம், வெயில் தாழ்ந்த பிறகு, முகவலையைக் கட்டிக்கொண்டு நான் ஏணியில் ஏறினேன். சியோம்புவா கீழே புகைக்குழலோடு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிதெங்கே சற்றுத் தள்ளி, வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். மூடியைத் தூக்கினேன். மெழுகும் பூவும் கலந்த வெப்பம் முகத்தில் ஏறியது. நடுச் சட்டத்தை நெம்பினேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினேன்.

"என்ன ஆச்சு?" என்று கீழேயிருந்து கத்தினாள் சியோம்புவா. "எதுக்கு இவ்வளவு நேரம்? அந்து ஏதாவது ஓடுதா?"

"ஒண்ணும் ஓடல" என்றேன். "கனமா இருக்கு. ஒரு கையால தூக்க முடியல."